மழை எப்படி பால் குடிச்சது: சாட்பாட் உள்ள என்ன நடக்குதுனு பேப்பர்ல போட்டு பாக்கலாம்

கொஞ்ச நாள் முன்னாடி நாப்பது ஃபோட்டோவ ஒரே சைஸுக்கு மாத்த வேண்டி இருந்துச்சு, நான் யூஸ் பண்ற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அது எப்படினு ஒரு சாட்பாட் கிட்ட கேட்டேன். ஃபைல் மெனு போங்க, அதுல பேட்ச்னு இருக்கும், அதுக்குள்ள எல்லாத்துக்கும் ஒரே அளவுனு ஒரு பட்டன் இருக்கும்னு அடிச்சு சொல்லுச்சு. அரை மணி நேரம் தேடினேன். அப்படி ஒரு பட்டனே இல்ல. இல்லையேப்பானு சொன்னா, மன்னிக்கவும் நீங்க சொல்றது சரிதான் அது வியூ மெனுல இருக்குங்குது. அங்கயும் இல்ல.

கடுப்பாதான் இருந்துச்சு. ஆனா அப்புறம் யோசிச்சா அது பொய் சொல்லல. பொய் சொல்லணும்னா முதல்ல உண்மை எதுனு தெரிஞ்சிருக்கணும், அத மறைக்கணும். இது ரெண்டும் பண்ணல. அது என்னதான் பண்ணுச்சுங்கறத பத்து நிமிஷத்துல கையாலயே செஞ்சு பாத்துடலாம், கோடிங் எல்லாம் தெரிய வேணாம். ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு டைஸ் போதும். படிச்சுட்டு மட்டும் போகாதீங்க, நிஜமாவே எழுதிப் பாருங்க, கை வலிச்சாதான் இது மண்டைல ஏறும்.

இந்த நாலு வரியை எழுதிக்கோங்க. நம்ம மாடலுக்கு, அதாவது சாட்பாட்டுக்குள்ள உக்காந்து அடுத்த வார்த்தைய ஊகிக்கற பகுதிக்கு, இதுதான் மொத்த உலகம், இதத் தாண்டி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

மழை வந்தது பூனை ஓடியது.
மழை வந்தது குடை விரிந்தது.
மழை நின்றது பூனை வந்தது.
பூனை வந்தது பால் குடித்தது.

இப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்து எந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்குனு எண்ணுங்க. மழைக்கு அடுத்து வந்தது 2 தடவை, நின்றது 1 தடவை. பூனைக்கு அடுத்து வந்தது 2, ஓடியது 1. வந்ததுங்கற வார்த்தைக்கு அடுத்து பூனை 1, குடை 1, பால் 1, அப்புறம் ஒரு தடவை முற்றுப்புள்ளி, மூணாவது வரி அங்கயே முடியுதுல்ல அதனால. மிச்சம் எல்லாத்துக்கும் ஒரே ஒரு வழிதான், நின்றதுக்கு அடுத்து பூனை, குடைக்கு அடுத்து விரிந்தது, பாலுக்கு அடுத்து குடித்தது.

அவ்ளோதான், மொழி மாடல் ரெடி. விளையாட்டுக்கு சொல்லல. 1948ல கிளாட் ஷானன்ங்கற அமெரிக்க கணித அறிஞர் தகவல் கோட்பாடு பத்தி எழுதின பேப்பர்ல, ஒரு வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை எவ்ளோ வாய்ப்போட வரும்ங்கறத மட்டும் வச்சு இங்கிலீஷ் மாதிரியே இருக்கற வாக்கியங்கள செஞ்சு காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாம, புத்தகத்த புரட்டிப் புரட்டி.

இப்ப இத பேச வைக்கலாம். மழைல ஆரம்பிங்க, டைஸ உருட்டுங்க. 1ல இருந்து 4 விழுந்தா வந்தது, 5 இல்ல 6 விழுந்தா நின்றது, ஏன்னா மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு வந்ததுக்கு. வந்ததுல நிக்கறப்ப 1 விழுந்தா பூனை, 2 விழுந்தா குடை, 3 விழுந்தா பால், 4 விழுந்தா புள்ளி வச்சு முடிச்சுடுங்க, 5ம் 6ம் விழுந்தா மறுபடி உருட்டுங்க. பூனைக்கு மழை மாதிரியேதான், 4 வரைக்கும் வந்தது, அதுக்கு மேல ஓடியது.

எனக்கு முதல் தடவை வந்தது: மழை நின்றது பூனை வந்தது குடை விரிந்தது. நம்ம நாலு வரியில எங்கயுமே இல்லாத புது வாக்கியம் இது, கவனிச்சீங்களா. எங்கயோ எழுதி வச்சத எடுத்து ஒட்டுதுனு சொல்றாங்கல்ல, அது முழுசா சரி இல்லனு இங்கயே தெரியுது.

ரெண்டாவது தடவை வந்தது: மழை வந்தது பால் குடித்தது.

இதுதான் நான் காட்ட நினைச்சது. மழை பால் குடிச்சிடுச்சு. இலக்கணம் பக்காவா இருக்கு, ஒவ்வொரு ஜோடி வார்த்தையும் நாம கொடுத்த வரிகள்லயே இருக்கு, மாடல் எந்த விதியையும் மீறல. ஆனா சங்கதி அபத்தம். என்னோட பேட்ச் பட்டனும் இதே ஜாதிதான், ஃபைல் மெனு, பேட்ச், எல்லாத்துக்கும் ஒரே அளவு, இந்த மாதிரி வார்த்தைங்க ஆயிரம் சாஃப்ட்வேர் கைடுகள்ல இப்படித்தான் அடுத்தடுத்து வரும், அதனால வந்துச்சு. அந்த பட்டன் இருக்கா இல்லையாங்கற கேள்வியே அந்த கணக்குக்குள்ள எங்கயும் வரல. இதைத்தான் ஹாலுசினேஷன்னு சொல்றாங்க. எனக்கு அந்த பேர் பிடிக்காது, ஏதோ நல்லா இருந்த மெஷினுக்கு திடீர்னு காய்ச்சல் வந்து உளர்ற மாதிரி ஒரு நெனப்பு வருது. சரியா சொல்றப்பவும் தப்பா சொல்றப்பவும் அது பண்ற வேலை ஒண்ணேதான்.

டைஸ தூக்கிப் போட்டுட்டு எப்பவும் அதிக எண்ணிக்கை இருக்கறதையே எடுத்தா என்ன ஆகும்? அதையும் பாத்துடுங்க. சமமா இருந்தா முதல்ல எழுதினத எடுங்க. மழை வந்தது பூனை வந்தது பூனை வந்தது பூனை வந்தது... நிக்கவே நிக்காது. நிஜ மாடல்கள்லயும் இந்த தொல்லை உண்டு, எப்பவும் டாப் வார்த்தையையே எடுக்க விட்டா சொன்னதையே சொல்லிட்டு கெடக்கும். அதனாலதான் கொஞ்சம் டைஸ் வேணும். எவ்ளோ டைஸ்ங்கறதுக்கு ஒரு திருகாணி இருக்கு, டெம்பரேச்சர்னு பேரு. 0 பக்கம் திருப்பினா டாப் வார்த்தையையே பிடிச்சுக்கும், ஏத்த ஏத்த வாய்ப்பு கம்மியான வார்த்தைங்களும் உள்ள வரும். ஒரே கேள்விக்கு நேத்து ஒரு பதில் இன்னைக்கு ஒரு பதில் வர்றதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

சரி, மழை பால் குடிக்கறத எப்படி தடுக்கறது? ஒரு வார்த்தைய மட்டும் பாக்காம ரெண்டு வார்த்தைய சேத்துப் பாருங்க. மழை வந்ததுக்கு அடுத்து பூனை இல்ல குடைதான் வந்திருக்கு. பால் வந்தது பூனை வந்ததுக்கு அப்புறம்தான். பின்னாடி கொஞ்சம் திரும்பிப் பாத்ததுமே பிரச்சினை தீந்துடுச்சு. அப்ப நூறு வார்த்தை திரும்பிப் பாத்தா? ஆசைதான், ஆனா பட்டியல் தாங்காது. ஒரு மொழியில 10,000 வார்த்தைதான்னு வச்சுக்கிட்டாலும் ரெண்டு வார்த்தை ஜோடி 10 கோடி, மூணு வார்த்தை சேர்க்கை 1 லட்சம் கோடி. அதுல முக்கால்வாசிய யாரும் எங்கயும் எழுதியே இருக்க மாட்டாங்க, எண்ணறதுக்கு ஒண்ணும் இருக்காது.

இங்கதான் பேப்பர மடிச்சு வச்சுட்டு நியூரல் நெட்வொர்க்குக்கு போறோம், அதாவது ஏகப்பட்ட நம்பர வச்சு கணக்கு போட்டு, தப்பு பண்ணி பண்ணி அந்த நம்பர திருத்திக்கற ஒரு புரோகிராம். பட்டியல் போடறதுக்கு பதிலா ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு நீளமான நம்பர் வரிசையா மாத்திடறாங்க. ஓப்பன்ஏஐ கம்பெனியோட ஜிபிடி-3ங்கற மாடல்ல ஒரு துண்டுக்கு (ஒரு வார்த்தை, இல்லனா அதுல ஒரு பகுதி, பின்னாடி சொல்றேன்) 12,288 நம்பர். ஒரே மாதிரி இடத்துல வர்ற வார்த்தைங்களுக்கு நம்பரும் பக்கத்துல பக்கத்துல அமைஞ்சுடும், பூனையும் நாயும் கிட்ட கிட்ட, குடை எங்கயோ தூரத்துல. அதனால நாய் வந்ததுங்கறத அது படிச்சதே இல்லனாலும் பூனைய வச்சு ஒரு மாதிரி ஊகிச்சுக்கும். கிட்ட இருக்கறதெல்லாம் யாரும் உக்காந்து கையால குறிச்சு வச்சது இல்ல, அடுத்த வார்த்தைய ஊகிச்சு ஊகிச்சு தானா படிஞ்சது.

அடுத்து எந்த வார்த்தைய திரும்பிப் பாக்கணும்ங்கறது. மூக்குல இருந்து நழுவி விழுந்த கண்ணாடினு ஒரு வரி, சுவத்துல இருந்து கழண்டு விழுந்த கண்ணாடினு ஒரு வரி. ரெண்டுலயும் கண்ணாடி ஒரே எழுத்துதான், பொருள் வேற. நமக்கு எப்படி தெரியுது? மூக்கையும் சுவத்தையும் பாத்துதான். விழுந்தங்கறது பக்கத்துலயே இருந்தாலும் அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு வரியிலயும் அது இருக்கு. அந்த மாதிரி எத்தனை வார்த்தை தள்ளி இருந்தாலும் தேவையானத மட்டும் எட்டிப் புடிக்கற வேலைக்கு பேரு அட்டென்ஷன். 2017ல கூகுள் ஆளுங்க எட்டு பேர் சேந்து எழுதின ஒரு பேப்பர்ல டிரான்ஸ்ஃபார்மர்னு ஒரு அமைப்பு வந்துச்சு, முழுக்க முழுக்க இந்த அட்டென்ஷன் மேல கட்டினது. ஜிபிடில இருக்கற டி அதுதான். இப்ப நாம பேசற பெரிய சாட்பாட்டுங்க கிட்டத்தட்ட எல்லாமே அந்த வம்சம்தான்.

எப்படி கத்துக்குது? அது சுருக்கமா சொன்னா போதும். ஒரு வரிய எடுத்து பாதில மறைச்சு அடுத்து என்னனு கேப்பாங்க. தப்பா சொன்னா எந்த நம்பர் எவ்ளோ தப்புக்கு காரணம்னு பின்னாடி இருந்து கணக்கு போட்டு எல்லாத்தையும் இம்மி இம்மியா நகத்துவாங்க. மறுபடி அடுத்த வரி. ஜிபிடி-3ல இப்படி நகர்ற நம்பர் 17,500 கோடி, அது பயிற்சில பாத்த எழுத்துத் துண்டு சுமார் 30,000 கோடி. நம்ம நாலு வரி பேப்பருக்கும் அதுக்கும் அளவுல ஒப்பிடவே முடியாது, அந்த அளவுல அடுத்த வார்த்தைய சரியா ஊகிக்கணும்னா கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம், யார் எப்படி பேசுவாங்க எல்லாம் உள்ள படிஞ்சே ஆகணும், படிஞ்சும் இருக்கு. வெறும் ஊகம்தானேனு மட்டமா நினைக்கறவங்க இந்த இடத்துல தப்பு பண்றாங்க.

துண்டுனு சொன்னேன்ல, அதையும் கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும், தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மாடல் வார்த்தையா படிக்கல எழுத்தாவும் படிக்கல, டோக்கன்னு ஒரு துண்டா படிக்குது. அடிக்கடி வர்ற வார்த்தை முழுசா ஒரு துண்டா இருக்கும், அரிதா வர்றது சுக்கு சுக்கா உடையும். ஜிபிடி-2ல மொத்தம் 50,257 துண்டுதான், அதுவும் இங்கிலீஷ் வச்சு வெட்டினது. இப்ப அம்மாங்கற வார்த்தைய எடுங்க. நமக்கு மூணு எழுத்து: அ, ம், மா. கம்ப்யூட்டருக்கு அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால்னு அஞ்சு குறியீடு, ஒவ்வொண்ணுக்கும் 3 பைட்டு, ஆக 15 பைட்டு. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு 1 பைட்டு. தமிழ அதிகம் பாக்காத மாடல்ல ஒரு சின்ன வார்த்தை கூட பத்து துண்டா நொறுங்கிடும். அதனாலதான் தமிழ்ல கேட்டா சில மாடல் மெதுவா வருது, துண்டுக்கு காசு வாங்கற இடத்துல செலவும் கூடுது. இந்த வார்த்தைல எத்தனை ம இருக்கு, இத தலைகீழா எழுதுனு கேட்டா சொதப்பறதுக்கும் இதே காரணம், அது எழுத்தையே பாக்கல, துண்டோட நம்பரத்தான் பாக்குது. அந்த மாதிரி வேலைக்கு, ஒரு சின்ன புரோகிராம் எழுதி ரன் பண்ணி சொல்லுனு கேளுங்க, கோடு ஓட்டற வசதி இருக்கற சாட்பாட்டா இருந்தா டக்குனு சரியா வரும். பெரிய பெருக்கல் கணக்குக்கும் அதே வைத்தியம்.

இன்னொரு விஷயம், இது வரைக்கும் சொன்னது வெறும் மாடல்தான், சாட்பாட் இல்ல. வெறும் மாடல் கிட்ட லீவ் லெட்டர் எப்படி எழுதறதுனு கேட்டா, பயோடேட்டா எப்படி எழுதறது, புகார் லெட்டர் எப்படி எழுதறதுனு மேல மேல கேள்வியா எழுதிட்டு போனாலும் போகும், ஏன்னா ஒரு கேள்விக்கு அடுத்து இன்னொரு கேள்வி வர்ற பக்கங்களும் அது நிறைய படிச்சிருக்கு. அத ஒழுங்கா பதில் சொல்ற ஆளா மாத்தறது ரெண்டாவது பயிற்சி. மனுஷங்க நல்ல பதில எழுதிக் காட்டுவாங்க, அப்புறம் மாடல் கொடுக்கற பதில்கள்ல எது தேவலாம்னு வரிசைப்படுத்துவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி நம்பருங்க மறுபடி நகரும். 2022ல ஓப்பன்ஏஐ இப்படி பண்ணப்ப, 130 கோடி நம்பர் இருக்கற குட்டி மாடலோட பதில, பழக்காத 17,500 கோடி ஜிபிடி-3யோட பதில விட ஆளுங்களுக்கு அதிகமா பிடிச்சுது. அதே வருஷம் நவம்பர் 30 சாட்ஜிபிடி வந்துச்சு, மிச்ச கதை எல்லாருக்கும் தெரியும்.

ஆனா இந்த பயிற்சிக்கு ஒரு பக்க விளைவு உண்டு. மனுஷங்களுக்கு பிடிச்ச பதிலுக்கு மார்க் போட்டா அது ஆமாஞ்சாமி ஆகாம என்ன ஆகும். நான் இல்லையேப்பானதும் நீங்க சொல்றது சரிதான்னு பல்டி அடிச்சுதுல்ல, அது இங்க இருந்து வந்த குணம். இத சோதிச்சுப் பாக்கணும்னா, அது சரியா சொன்ன ஒரு பதிலுக்கு நிச்சயமா, எனக்கு தப்புனு தோணுதேனு கேட்டுப் பாருங்க, சில சமயம் சரியானதையே மாத்திக்கும். அதனால உறுதியானு கேக்கறது பிரயோஜனம் இல்லாத கேள்வி. அதே மாதிரி ஏன் அப்படி சொன்னேனு கேட்டாலும், அது உள்ள போய் பாத்துட்டு வந்து சொல்லல, அந்த கேள்விக்கு அடுத்து வரக்கூடிய நியாயமான ஒரு விளக்கத்த எழுதுது, அவ்ளோதான்.

ஞாபகம் விஷயத்துலயும் நிறைய பேர் ஏமாறுவாங்க. நீங்க பத்தாவது மெசேஜ் அனுப்பறப்ப அது முதல் ஒன்பதையும் மனசுல வச்சிருக்குனு நினைக்கறோம். இல்ல. ஒவ்வொரு தடவையும் மொத்த உரையாடலும் முதல் வரில இருந்து திரும்ப மாடலுக்கு போகுது, அது புதுசா படிக்கற மாதிரி படிச்சுட்டு அடுத்தத எழுதுது. உங்க பேரு ஞாபகம் வச்சிருக்கற சாட்பாட்டுல கூட, அந்த குறிப்ப எங்கயோ தனியா சேவ் பண்ணி வச்சு உங்க மெசேஜுக்கு முன்னாடி சொருகறாங்க. ஒரே தடவைல எவ்ளோ படிக்க முடியும்ங்கறதுக்கும் எல்லை உண்டு, ஜிபிடி-3க்கு 2,048 துண்டு, இப்ப வர்றதுக்கெல்லாம் லட்சக்கணக்குல.

இது தெரிஞ்சா யூஸ் பண்ற விதமே மாறிடும். பாதில அது தப்பான ரூட்ல போயிடுச்சுனா கீழ உக்காந்து சண்டை போடாதீங்க, அந்த தப்பும் சண்டையும் அடுத்த தடவை படிக்கற எழுத்துல சேந்துதான் போகும், தப்புக்கு அடுத்து இன்னும் தப்புதான் பொருத்தமா வரும். மேல போய் உங்க பழைய மெசேஜ எடிட் பண்ணுங்க, இல்லனா புது சாட் ஓப்பன் பண்ணுங்க. விஷயம் மாறினாலும் புது சாட்தான். நான் நாலு நாள் ஒரே சாட்ல எல்லாத்தையும் கேட்டு குழப்பிட்டு இருந்தேன், அப்புறம்தான் புத்தி வந்துச்சு. பெரிய டாக்குமெண்ட் கொடுக்கறப்ப நடுவுல இருக்கறத விட்டுடற பழக்கமும் உண்டு, ஆரம்பத்துலயும் கடைசிலயும் இருக்கறத நல்லா பிடிச்சுக்குது, நடுவுல இருக்கறது நழுவுதுனு 2023ல ஒரு ஆராய்ச்சில அளந்தே காட்டினாங்க. முக்கியமான பகுதிய தனியா வெட்டிக் கொடுங்க, கேள்விய கடைசில வைங்க.

எல்லாத்த விடவும் பெரிய மாற்றம் எனக்கு இதுதான்: அது கிட்ட ஞாபகத்துல இருந்து சொல்லுனு கேக்கறத கொறச்சுட்டேன். கண்ணு முன்னாடி வச்சு வேலை வாங்கறேன். இந்த சாஃப்ட்வேர்ல இத எப்படி செய்யறதுனு கேட்டா அது பேட்ச் பட்டன கண்டுபிடிக்கும். அந்த சாஃப்ட்வேரோட கைடு பக்கத்த காப்பி பண்ணி ஒட்டி, இதுல இருந்து மட்டும் சொல்லு, எந்த வரில இருந்து எடுத்தேனு அந்த வரியையும் காட்டு, இதுல இல்லனா இல்லனு சொல்லுனு கேட்டா, இப்ப அடுத்த வார்த்தைய தீர்மானிக்கறதுக்கு திரும்பிப் பாக்க நிஜமான எழுத்து ஒண்ணு இருக்கு. மழை வந்ததுனு நீங்க எழுதி வச்சுட்டீங்க, பால் வர்ற வாய்ப்பு கொறஞ்சுடுச்சு. சுத்தமா போயிடாது, அதனாலதான் வரிய காட்ட சொல்றது, கண்ட்ரோல் எஃப் போட்டு தேடினா ரெண்டு செகண்டுல தெரிஞ்சுடும். நெட்ல தேடிட்டு சொல்ற சாட்பாட்டும் உள்ளுக்குள்ள இதையேதான் பண்ணுது, உங்களுக்கு பதிலா அதுவே பக்கத்த ஒட்டிக்குது. லிங்க் கொடுத்துச்சுனா தொறந்து பாருங்க, லிங்க் இருக்கறது ஒண்ணு, அதுல அந்த விஷயம் இருக்கறது வேற ஒண்ணு. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி கொடுத்த பழைய வழக்குகள அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ணிட்டாங்க, அந்த வழக்கெல்லாம் நடந்ததே இல்ல, 5,000 டாலர் அபராதம். வழக்கு பேரு, நம்பர், தீர்ப்பு வாசகம் எல்லாம் பாக்க அசலாவே இருந்துச்சு. இருக்கத்தானே செய்யும், அசல் மாதிரி எழுதறதுதான் அதுக்கு தொழில்.

கணக்கு, லாஜிக் மாதிரி கேள்விக்கு பதில முதல்ல கேக்காதீங்க, படிப்படியா எழுதிட்டு கடைசில பதில் சொல்லுனு கேளுங்க. ஒரு துண்டு எழுத அது செலவு பண்ற உழைப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான், கஷ்டமான கேள்விக்கு ஒரே வார்த்தைல பதில் கேட்டா அவ்ளோ கம்மி உழைப்புல ஊகிச்சாகணும். எழுத விட்டா எழுதினதே அதுக்கு ரஃப் பேப்பர் ஆயிடும். இப்ப வர்ற சில மாடலுங்க நாம சொல்லாமலே முதல்ல தனியா யோசிச்சு எழுதிட்டுதான் பதிலுக்கு வருது.

கேள்வில பதில ஒளிச்சு வைக்காதீங்க. இது நல்ல ஐடியாதானேனு கேட்டா நல்ல ஐடியாதான்னு வரும், வேற என்ன வரும். யாரோ ஒருத்தர் இந்த ஐடியாவ சொல்றார், எங்க உடையும்னு கேளுங்க. சந்தேகமா இருக்கற தகவல மூணு புது சாட்ல தனித்தனியா கேட்டுப் பாருங்க, மூணும் மூணு வருஷம் சொன்னா அது டைஸ் உருட்டுதுனு அர்த்தம். மூணும் ஒண்ணே சொன்னாலும் முழுசா நம்பிடாதீங்க, எல்லாரும் நெட்ல தப்பா எழுதி வச்ச விஷயத்த அதுவும் ஒரே குரல்லதான் சொல்லும்.

பாஸ்வேர்டு, அடுத்தவங்க மெடிக்கல் ரிப்போர்ட், ஆஃபீஸ் ரகசியம் எல்லாம் ஒட்டாதீங்க, அது உங்க மெஷின் விட்டு வெளிய போகுது.

வெளிய போகக் கூடாதுனா சொந்த கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம், கணக்கு ஈஸி. 700 கோடி நம்பர் இருக்கற சின்ன மாடல், நம்பருக்கு 2 பைட்டு, ஆக 14 ஜிபி மெமரி. நம்பர சுருக்கி 4 பிட்டுக்கு, அதாவது அரை பைட்டுக்கு கொண்டு வந்தா 3.5 ஜிபி, கூட கொஞ்சம் வேலை செய்ய இடம் வேணும், 8 ஜிபி ரேம் இருக்கற லேப்டாப்ல மெதுவா ஓடும். ஓட்டறவங்க ஒண்ணு பண்ணுங்க, டெம்பரேச்சர 0ல வச்சு ஒரு கேள்விய மூணு தடவை கேளுங்க, அநேகமா ஒரே பதில் வரும். அப்புறம் 1.5, 2னு ஏத்திக்கிட்டே போங்க. முதல்ல கொஞ்சம் கவித்துவமா ஆகும், அப்புறம் சம்பந்தமில்லாத வார்த்தைங்க உள்ள வரும், ஒரு கட்டத்துல வாக்கியமே கட்டு விட்டுடும். அங்க எங்கயோதான் உங்க மழை பால் குடிச்சிட்டு இருக்கும்.